6. வினைமுற்று வரும்வரை

வீலாக்கின் லத்தீன் பாடநூலில் 40 அத்தியாயங்கள். கடைசி அத்தியாயத்தை முடித்தவருக்குக் கொஞ்சம் மிதப்பு வருவது இயல்புதான். ஐந்து வகைப் பெயர்த்திரிபு, நான்கு வகை வினைத்திரிபு எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அடுத்த பருவத்தின் முதல் வகுப்பில் அவர் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். சிசரோவின் வழக்குரை ஒன்றிலிருந்து ஒரு பக்கம். நெடிலைக் காட்டும் மேற்கோடு ஒன்றுகூட இல்லை, ஓரத்தில் சொற்பொருள் இல்லை. முதல் முற்றுப்புள்ளியே பத்து வரி தாண்டித்தான் வருகிறது. அடியில் பொடி எழுத்தில் ஏதோ சங்கேதக் குறிப்புகள். "வியாழக்கிழமைக்குள் மூன்று பக்கம் தயார் செய்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் போய்விடுவார்.

அன்றிரவு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையே செய்தேன். முதலில் வினையைத் தேடுவீர்கள். பிறகு எழுவாய், பிறகு செயப்படுபொருள். கிடைத்ததை ஆங்கில வரிசையில் அடுக்கி, அந்த ஆங்கிலத்தை மனதுக்குள் தமிழாக்கி, "ஓ, இதுதானா" என்பீர்கள். நம் உரையாசிரியர்கள் செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள் சொல்வார்களே, அதைப் போலத்தான் இதுவும் என்று தோன்றும். அப்படியில்லை. உரையாசிரியர் செய்யுளை வாசித்துப் புரிந்துகொண்ட பிறகு, நமக்காகச் சொற்களை இடம் மாற்றினார். நாம் புரிந்துகொள்வதற்காகவே இடம் மாற்றுகிறோம். தொடக்க வகுப்பில் ஆறு சொல் வாக்கியங்களுக்கு இந்த வித்தை போதும். அறுபது சொல் வாக்கியத்தில் கடைசித் துண்டைக் கண்டுபிடிக்கும்போது முதல் துண்டு மறந்துபோயிருக்கும்.

மேல்நிலை லத்தீனுக்குக் கூடுதல் இலக்கணம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இலக்கணம் பெரும்பாலும் முன்பே முடிந்துவிட்டது. இனி மாற வேண்டியது வாசிக்கும் திசை. தமிழ் மாணவர் அந்தத் திசையை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப்போய்ப் பிடிக்க வேண்டியதே இல்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பிடிவாதம்.

சொல் வந்த வரிசையில்

வில்லியம் கார்ட்னர் ஹேல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1887இல் லத்தீன் வாசிக்கும் கலையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். வினையைத் தேடு, எழுவாயைத் தேடு என்ற பழக்கத்தை அதில் வெளுத்து வாங்குகிறார். ரோமானியன் மேடையில் பேசும்போது கேட்டவர்கள் கடைசிச் சொல்வரை காத்திருந்து, பின் முன்னால் ஓடிவந்து எழுவாயைத் தேடினார்களா? சொற்கள் வந்த வரிசையிலேயே அவர்களுக்குப் புரிந்தது. ஆகவே நமக்கும் அந்த வரிசையில்தான் புரிய வேண்டும் என்பது அவர் வாதம்.

அவர் எடுத்துக்காட்டும் வாக்கியம் லிவியின் வரலாற்றில், தார்க்குவின் அரசன் வெட்டுப்பட்டு விழும் இடம். வாக்கியம் அரசன் பெயரிலேயே தொடங்குகிறது, அதுவும் இரண்டாம் வேற்றுமையில். அந்த ஒரு சொல்லிலேயே பாதிச் செய்தி கிடைத்துவிடுகிறது. அரசன் எதையும் செய்யப்போவதில்லை, அவனை யாரோ ஏதோ செய்யப்போகிறார்கள். இங்கே நின்று, "இதுவரை எனக்கு என்ன தெரியும், இனி எதை எதிர்பார்க்கிறேன்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். முதல் மாதம் இது நத்தை வேகம். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

இந்த இடத்தில் ஆங்கில மாணவருக்கு இல்லாத ஒரு சொத்து உங்களிடம் இருக்கிறது. நீங்கள் பிறந்ததிலிருந்து வினைமுற்றுக்குக் காத்திருந்தே பழகியவர். "நேற்று மாலை கடைத்தெருவில் பார்த்த அந்தப் பெரியவரை இன்று காலை பேருந்து நிலையத்தில்..." என்று ஒருவர் இழுத்தால் நீங்கள் பதறுவதில்லை. 'பெரியவரை' என்ற 'ஐ' உருபைப் பிடித்துக்கொண்டு, வினை வரட்டும் என்று அமைதியாக இருப்பீர்கள். லத்தீனுக்கு வேண்டிய பொறுமை இதேதான். ஆங்கிலப் பாடநூல் கற்றுக்கொடுத்த அவசரத்தை மட்டும் விட்டால் போதும்.

எச்சங்கள் எங்கே கைகொடுக்கும்

லத்தீனில் புகழ்பெற்ற ஒரு தனியமைப்பு உண்டு. பெயரும் எச்சமும் இரண்டும் லத்தீன் வரிசையின் ஆறாவது வேற்றுமையில் (நம் ஆறாம் வேற்றுமை அல்ல) நின்று, முதன்மை வாக்கியத்தோடு ஒட்டாமல் சூழ்நிலையை மட்டும் சொல்லும். ஆங்கில நூல்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதி, கடைசியில் செயற்கையான ஒரு மொழிபெயர்ப்பைத் தருகின்றன. ஒரு வாக்கியம் செய்து பார்ப்போம்: ஹொஸ்தேஸ் உர்பெ கப்தா தொமும் ரெதியேருந்த். சொல்லுக்குச் சொல் போட்டால், "பகைவர், நகரம் பிடிபட, வீடு திரும்பினர்." அவ்வளவுதான். 'மழை பெய்ய, குளம் நிறைந்தது' என்று நாம் தினமும் பேசும் செயவென் எச்சம் இது. எச்சத்துக்கு ஓர் எழுவாய், முற்றுக்கு வேறோர் எழுவாய். நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் 'நகரைப் பிடித்து' என்று செய்வினையில் இறந்தகால எச்சம் சொல்லலாம். லத்தீனில் சாதாரண வினைகளுக்கு அந்த வடிவமே கிடையாது. வடிவில் செயப்பாட்டுவினையாகவும் பொருளில் செய்வினையாகவும் இருக்கும் சில வினைகளுக்கு மட்டும் உண்டு. அதனால்தான் ரோமானியர்கள் 'பிடித்து' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'பிடிபட' என்கிறார்கள். சீசரின் போர்க் குறிப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் இது வரும்.

அந்த ஆறாவது வேற்றுமைக்கு ஆங்கில இலக்கணங்கள் பத்துப் பதினைந்து பயன்களைப் பெயரிட்டுப் பட்டியல் போடுகின்றன. மனப்பாடம் செய்து நொந்துபோகாதீர்கள். நம் இலக்கணத்தின் எண்களை வைத்தே பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். கருவியும் உடனிகழ்ச்சியும் என்றால் ஓரத்தில் 3 என்று எழுதுங்கள். நீங்கல் என்றால் 5. இடம் என்றால் 7. 'மலையினும் உயர்ந்தது' என்பது போன்ற ஒப்பும், காரணம் சொல்லும் ஏதுவும் வந்தால் அவற்றுக்கும் 5தான், நம் ஐந்தாம் வேற்றுமை அவற்றையும் சேர்த்தே சுமக்கிறது. லத்தீன் ஒரே பெட்டியில் போட்டதைத் தமிழ் மூன்று பெட்டியில் பிரித்து வைத்திருக்கிறது. எந்தப் பெட்டி என்று முடிவு செய்வதே அந்தச் சொல்லைப் புரிந்துகொள்வது. ஆசிரியர் கேட்கும்போது மட்டும் ஆங்கிலப் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

சின்ன ஒட்டுகளிலும் ஒற்றுமை உண்டு. ஒரு சொல்லின் வாலில் 'நெ' ஒட்டினால் கேள்வி, நம் 'ஆ' போல. 'க்வெ' ஒட்டினால் 'உம்'. ரோமின் பழைய முத்திரைத் தொடர் ஸெனாதுஸ் பொபுலுஸ்க்வெ ரோமானுஸ் பலரும் பார்த்ததுதான். நாம் 'மன்றமும் மக்களும்' என்று இரண்டிலும் 'உம்' போடுவோம், லத்தீன் இரண்டாவதில் மட்டும் போடும். ஆகவே 'க்வெ' கண்ணில் பட்டதும், அதற்கு இணையான முதல் சொல் எது என்று பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தமிழ் காலை வாரும் இடங்கள்

இப்படியே தமிழை நம்பி ஓடினால் குழியில் விழும் இடங்களும் உண்டு. அவற்றில் மிக ஆழமானது இது: தீகித் ரேகெம் வெனீரெ. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'சொல்கிறான், அரசனை, வர'. உடனே நம் மனம் 'அரசனை வரச் சொல்கிறான்' என்று வாசித்துவிடும். தவறு. லத்தீனில் அதன் பொருள் 'அரசன் வருகிறான் என்று சொல்கிறான்'. வடிவம் அப்படியே நம்முடையது, பொருள் முற்றிலும் வேறு. கட்டளையாக வேண்டுமென்றால் லத்தீன் 'உத்' போட்டு வேறு வகையில் சொல்லும். இந்த ஒரு தவறை நான் ஓர் ஆண்டு முழுக்கச் செய்தேன்.

இது ஒரு வாக்கியத்தோடு போனால் பரவாயில்லை. சீசரும் லிவியும் தாசிதுஸும் தலைவர்களின் பேச்சைப் பக்கக் கணக்கில் இந்த அமைப்பிலேயே எழுதுவார்கள். 'சொன்னான்' என்பது ஒரே முறைதான் வரும், சில இடங்களில் அதுவும் வராது. நம் 'என்று' போன்ற முடிவுக்கல் எதுவும் இல்லை. எழுவாய்கள் எல்லாம் இரண்டாம் வேற்றுமைக்கு மாறியிருப்பதையும், முற்றுகள் எல்லாம் 'வர', 'போக' வடிவில் இருப்பதையும் வைத்துத்தான் இன்னும் பேச்சு முடியவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். என் வழக்கம், பேச்சு தொடங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு திறப்புக் கொக்கி போடுவது. சாதாரண வினைமுற்று மீண்டும் தலைகாட்டியதும், துணைவாக்கியத்துக்குள் இருப்பது அல்ல என்று உறுதி செய்துகொண்டு, கொக்கியை மூடுவேன். உள்ளே 'தன்னை' என்று வந்தால் அது பெரும்பாலும் பேசுகிறவனைக் குறிக்கும்.

இரண்டாவது குழி பெயரடை. தமிழில் 'பெரிய மரம்' என்றால் பெரிய என்பது மரத்தின் பக்கத்திலேயே நிற்கும், எதற்கும் உருமாறாது. லத்தீனில் பெயரடை பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் அணிந்துகொள்வதால், பெயரை விட்டுவிட்டு ஊர் சுற்றலாம். பட்டச் சான்றிதழில் வரும் மாக்னா கும் லௌதெ என்ற தொடரிலேயே 'பெரும்', 'ஓடு', 'புகழ்' என்று இடையில் ஒரு சொல் புகுந்துவிட்டது. வர்ஜிலில் பெயரடை அடியின் நடுவிலும் பெயர் அடியின் கடைசியிலும் நிற்கும், இடையில் வேறொரு பெயரும் அதன் பெயரடையும் குறுக்கே போகும். தனியாக ஒரு பெயரடை வந்தால், கடன் வாங்கியதுபோல் மனதில் எழுதி வையுங்கள். கடன் தீரும்வரை வாக்கியம் முடியவில்லை.

மூன்றாவது, 'நான் கண்ட ஆள்' என்று நாம் பெயருக்கு முன்னால் வைக்கும் பெயரெச்சம். லத்தீனில் ஆள் முதலில் வந்து, விளக்கம் பின்னால் வரும். அதைத் திருப்பிப் போட்டு அழகான தமிழாக்க ஆசைப்படாதீர்கள். 'ஓர் ஆள், அவனை நான் கண்டேன்' என்று வந்த வரிசையிலேயே மனதில் ஓடவிடுங்கள். அழகான தமிழ் வியாழக்கிழமைக்கு, புரிதல் புதன்கிழமைக்கு.

ஒரு வாரத்து வேலை

எந்த ஊரில் படித்தாலும் மேல்நிலை வகுப்பின் அச்சு ஒன்றுதான். ஆக்ஸ்ஃபோர்டில் கிளாசிக்ஸ் பட்டம் 4 ஆண்டு, கேம்பிரிட்ஜில் லத்தீனோடு வருபவருக்கு 3, இல்லாமல் வருபவருக்கு 4. உள்ளே நடப்பது குறித்த நூலின் குறித்த பகுதியைத் தயார் செய்து வருவதும், வகுப்பில் ஒருவர் மாற்றி ஒருவர் வாசித்துப் பொருள் சொல்வதும்தான்.

தயாரிப்பை மூன்று சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் அகராதி கூடாது. குறித்த பகுதி முழுவதையும் வாய்விட்டு ஒருமுறை படித்துவிடுங்கள், புரியாவிட்டாலும் சரி. எங்கே வாக்கியம் முடிகிறது, எந்தச் சொல் எதைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று காது கண்டுபிடிக்கும். இரண்டாம் சுற்றில் அகராதியும் உரையும். மூன்றாம் சுற்று மறுநாள் காலையில், வெறும் மூலத்தோடு. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், கற்பது நடப்பதோ அதில்தான்.

வரிக்கு மேலே பென்சிலால் பொருள் எழுதும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். கண் லத்தீனைப் பார்க்காது, பென்சிலைத்தான் பார்க்கும். பொருளை எதிர்ப் பக்கத்தில், முடிந்தால் தமிழில் எழுதுங்கள். லத்தீன் சொல்லுக்கு ஆங்கிலச் சொல், அதற்குத் தமிழ்ச் சொல் என்று இரண்டு படி ஏறும்போது கால்வாசிப் பொருள் வழியில் சிந்திவிடுகிறது. 'பியெதாஸ்' என்ற சொல்லுக்கு ஆங்கில அகராதி கடமை, பக்தி, பாசம் என்று தனித்தனியாகத் தரும். பெற்றவருக்கும் தெய்வத்துக்கும் நாட்டுக்கும் ஒருவன் பட்டிருக்கும் கடன் என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டால், வர்ஜிலின் ஏனெயாஸ் ஏன் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு எரியும் நகரை விட்டு வெளியேறுகிறான் என்பதற்கு விளக்கம் வேண்டியிருக்காது.

அகராதி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், நூலகத்தில்தான் இருக்கிறது. லூயிஸ் - ஷார்ட் அகராதி 1879இல் வந்தது. பழையது, ஆனால் கிறித்தவ எழுத்தாளர்கள் வரை வரும். ஆக்ஸ்ஃபோர்டு லத்தீன் அகராதி 1968 முதல் 1982 வரை பகுதி பகுதியாக வெளியானது. துல்லியமானது, ஆனால் ஏறத்தாழ கி.பி. 200ஓடு நின்றுவிடும். அகுஸ்தீனை வாசிக்கும்போது அதில் சொல் கிடைக்கவில்லை என்று புலம்பாதீர்கள், அவர் 430இல் இறந்தவர். இடைக்காலப் பிரிட்டனின் லத்தீனுக்குத் தனி அகராதி 2013இல்தான் முழுமையானது. எல்லாவற்றுக்கும் மேலே மூனிக்கில் 1894இல் தொடங்கிய பேரகராதி ஒன்று இருக்கிறது. விளக்கங்களும் லத்தீனிலேயே, வேலை இன்னும் முடியவில்லை. ஒருமுறையாவது அதில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், பணிவு வரும்.

பெர்சியஸ், லோகேயன் போன்ற இணையத் தளங்களில் சொல்லைத் தொட்டால் வடிவமும் பொருளும் வந்து விழும். இரண்டாம் சுற்றில் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் தொடுவதற்கு முன் உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள். ஊகிக்காமல் தொட்ட சொல் மறுநாள் நினைவில் இருப்பதில்லை.

லோப் நூல்வரிசையைப் பற்றிச் சொல்லாமல் தீராது. 1911இல் ஜேம்ஸ் லோப் தொடங்கிவைத்தது. கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை, லத்தீனுக்குச் சிவப்பு. இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். என் முதல் பருவத்தில் வலப்பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு வகுப்புக்குப் போனேன். பொருளை மடமடவென்று சொன்னேன். ஆசிரியர் புன்னகையோடு, "நல்லது, நீங்கள் சொன்ன 'எனினும்' எந்தச் சொல்?" என்று கேட்டார். மூலத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஓசைக்காகச் சேர்த்தது. மொழிபெயர்ப்பு மறைப்பதும் உண்டு. 1919-20இல் வந்த லோப் மார்ஷியலில் கொச்சையான பாடல்களுக்கு ஆங்கிலத்துக்குப் பதில் இத்தாலிய மொழிபெயர்ப்பைப் போட்டிருந்தார்கள். வலப்பக்கத்தை மட்டும் நம்பிய மாணவர் அங்கே என்ன செய்திருப்பார் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. மூன்றாம் சுற்று முடிந்த பிறகு லோபைத் திறங்கள், சரிபார்க்க மட்டும்.

குறிலும் நெடிலும்

மேல்நிலைப் பதிப்புகளில் மேற்கோடு இருக்காது என்று சொன்னேன். ரோமன் எழுத்து குறில் நெடிலைக் காட்டாது. நம் எழுத்து காட்டும், எ - ஏ, ஒ - ஓ வேறுபாடு உட்பட. எகர ஒகரங்களின் அந்த வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவர் வீரமாமுனிவர் என்று பள்ளியில் படித்திருப்போம். அவருக்கு லத்தீன் தண்ணீர் பட்ட பாடு என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஐயமுள்ள சொல்லின் ஓரத்தில் தமிழில் எழுதுங்கள். மலும் என்றால் தீமை, மாலும் என்றால் ஆப்பிள். ஒஸ் எலும்பு, ஓஸ் வாய். லிபெர் புத்தகம், லீபெர் சுதந்திரமானவன். வெனித் வருகிறான், வேனித் வந்தான். ரோமன் எழுத்தில் ஒவ்வொரு இணையும் ஒரே மாதிரிதான் இருக்கும். இன்னும் முக்கியம், புவெல்ல என்றால் சிறுமி எழுவாய், புவெல்லா என்றால் ஆறாவது வேற்றுமை. உயிர்களுக்குத் தமிழ் எழுத்து பிரமாதம். மெய்களுக்கு அல்ல, த-வும் ட-வும் க-வும் வல்லொலி, மெல்லொலி வேறுபாடுகளை விழுங்கிவிடும். நெடில் குறிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யுளுக்கு வந்தால் இது உயிர்நாடி. காப்பியத்தின் அறுசீர் அடியில் ஒவ்வொரு சீரும் நெடில்-குறில்-குறில் அல்லது நெடில்-நெடில். ஐந்தாம் சீர் பெரும்பாலும் முதல் வகை, ஆறாம் சீரில் இரண்டே அசை. யாப்பிலக்கணம் படித்தவர் இங்கே ஒன்றை மறக்க வேண்டும். க, கா, கல், கால் நான்கும் நமக்கு நேரசை. லத்தீன் காதுக்கு க மட்டுமே குறுகியது, மற்ற மூன்றும் கனமானவை. ஒற்றெழுத்து அடைத்தாலே கனம். இதை ஒருமுறை பிடித்துவிட்டால் மற்றது பழக்கம்தான்.

புணர்ச்சியும் உண்டு. சொல் உயிரில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், முதல் உயிர் கரைந்துவிடும், குற்றியலுகரம் போல. 'ம்' ஈறும் கூடவே கரையும். வேறுபாடு என்னவென்றால் நாம் புணர்த்தே எழுதுவோம், அவர்கள் பிரித்து எழுதிவிட்டுச் சேர்த்து வாசிப்பார்கள். அடியில் அசை ஒன்று மிஞ்சினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். தினமும் காலையில் ஐந்து அடி, கையால் தாளம் தட்டி. வர்ஜிலின் ஏனெயிதில் 12 காண்டம், பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான அடிகள், ஆகவே பஞ்சம் வராது.

பக்கத்தின் அடியில்

அந்தப் பொடி எழுத்துச் சங்கேதம் பாடபேதக் குறிப்பு. ஒவ்வொரு சுவடிக்கும் ஓர் எழுத்து, எந்தச் சுவடியில் என்ன பாடம் என்று அதில் சொல்லியிருக்கும். 'ஓம்.' என்று பார்த்தால் கைகூப்ப வேண்டாம், 'விட்டுவிட்டது' என்பதன் சுருக்கம் அது. மூலத்தில் கூர்க்கொக்கிக்குள் இருப்பது பதிப்பாசிரியர் சேர்த்தது, சதுரக்கொக்கிக்குள் இருப்பது அவர் நீக்கச் சொல்வது. சிலுவைக்குறி இரண்டுக்கு நடுவே இருப்பது யாராலும் சரிசெய்ய முடியாதது. அங்கே உங்களுக்குப் புரியவில்லை என்றால் நீங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்.

முதல் ஆண்டிலேயே இதை ஏன் பார்க்க வேண்டும்? நீங்கள் வாசிக்கும் 'கத்துல்லுஸ்' ஒருவர் எழுதி அச்சில் வந்த புத்தகம் அல்ல என்பதற்காக. அவர் பாடல்களின் தொகுதி 1300ஐ ஒட்டி வெரோனாவில் தலைகாட்டிய ஒரே சுவடியின் வழியாகத்தான் தப்பியது. அந்தச் சுவடியும் தொலைந்துவிட்டது. 14ஆம் நூற்றாண்டில் அதன் வழி வந்த மூன்று பிரதிகள் இன்று ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிசிலும் வத்திக்கானிலும் உள்ளன. வத்திக்கான் பிரதியை 1896இல் கண்டெடுத்தவர், வினையைத் தேடாதே என்று சொன்ன அதே ஹேல். சொல் வரிசையை மதித்தவருக்குச் சுவடியின் மேலும் கண் இருந்தது. தாசிதுஸின் 'ஆண்டேடு' முதல் ஆறு பகுதிகளுக்கு 9ஆம் நூற்றாண்டின் ஒரே சுவடிதான் ஆதாரம், ஃபுளோரன்சில் இருக்கிறது. ஒப்பிட வேறு சுவடி இல்லாத இடத்தில் பாடபேதம் கிடையாது, ஊகம்தான்.

வகுப்பில் ஒரு பாடபேதத்தைப் பற்றிக் கேட்டால் எது எளிது என்று பார்க்காதீர்கள். கடினமான பாடத்தை எளிதாக்குவது எழுதுகிறவன் இயல்பு. எளிதைக் கடினமாக்க அவனுக்கு என்ன தேவை?

தேர்வு

முன்பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள். பேனாவைத் தொடாமல் மூன்று முறை படியுங்கள், மேலே தந்திருக்கும் ஒரு வரி முன்னுரையையும் சேர்த்து. பலர் அந்த முன்னுரையைத் தாண்டிவிட்டு, செத்தவனை வாக்கியத்துக்கு எழுவாயாக்குகிறார்கள். தெரியாத சொல்லுக்கு இடம் விட்டுவிட்டு வாக்கியத்தின் எலும்பைச் சரியாக நிறுத்துங்கள். எலும்பு சரியாக இருந்தால் ஒரு சொல் போனதற்கு ஒரு சொல்லின் மதிப்பெண்தான் போகும்.

பிரிட்டனில் 'காபெட்' என்ற கேள்வி உண்டு. படித்த நூலிலிருந்து ஐந்தாறு வரி கொடுத்துக் குறிப்பு எழுதச் சொல்வது. எங்கே வருகிறது, யார் பேசுகிறார், இந்த வரிகளில் எந்தச் சொல் ஏன் அங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. வர்ஜிலின் வாழ்க்கை வரலாறு அங்கே வேண்டாம்.

லத்தீனில் எழுதும் பயிற்சி சில துறைகளில் விருப்பப்பாடம், எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பத்தியைக் கொடுத்தால் முதலில் அதை எச்சங்கள் நிறைந்த தமிழாக்குங்கள். 'ஊருக்கு வந்து, தந்தையைக் கண்டு, பேசிவிட்டுத் திரும்பினான்' என்ற சங்கிலி, தனித்தனி முற்றுகளாக உடைந்த ஆங்கிலத்தைவிட லத்தீன் வாக்கியத்துக்கு எவ்வளவோ பக்கம்.

சொந்த வாசிப்புக்கு

பாடத்திட்டத்துக்கு வெளியே வாரம் ஒரு பக்கம் உங்கள் இஷ்டத்துக்கு வாசியுங்கள். மூத்த பிளினியின் 'இயற்கை வரலாறு' 37 பகுதி. ஆறாம் பகுதியில் இந்தியக் கடல்வழியைச் சொல்லும்போது முசிறியும் பாண்டிய அரசனும் மதுரையும் வருகின்றன. இந்தியாவோடு நடக்கும் வணிகத்தில் ரோமின் பணம் ஆண்டுதோறும் போகிறதே என்று 5 கோடி செஸ்தெர்ஸ் கணக்குச் சொல்லி அங்கலாய்ப்பதும் அங்கேதான். நடை கரடுமுரடு, அகராதியோடு போங்கள்.

அதைவிட இலகுவான ஒன்று உண்டு. சீகன்பால்கு 1716இல் ஹாலேயில் அச்சிட்ட தமிழ் இலக்கணம் லத்தீனில் எழுதியது. வீரமாமுனிவரும் பேச்சுத்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். ஜி.யு. போப்பின் 1886 குறள் பதிப்பில் அந்த மொழிபெயர்ப்பும் சேர்ந்து அச்சானது, நல்ல நூலகங்களில் கிடைக்கும். மனப்பாடமாகத் தெரிந்த ஓர் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறளைப் பார்க்காமல், லத்தீனை மட்டும் சொல் வந்த வரிசையில் வாசித்து, எந்தக் குறள் என்று எத்தனையாவது சொல்லில் தெரிகிறது என்று எண்ணுங்கள். எண்ணை ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த பருவத்தில் அதே அதிகாரத்தின் அடுத்த குறளில் மறுபடி எண்ணிப் பாருங்கள்.